எலாஜிக் அமிலமும் நாலு மணி மருந்தும்

உணவியல் படித்துவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, அனுபவத்தில் தெரிந்துகொண்டதை ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். என் அனுபவம் என்பது மற்றவர்களைச் சாப்பிடாமல் தடுத்துச் சம்பளம் வாங்கியதுதான். அறுபது வரை காத்திருக்காமல் விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன். காரணம் முதுகுவலி. முதுகுவலிக்குக் காரணம் வயிறு. வயிற்றுக்குக் காரணம், என் அறைக்கும் கேன்டீனுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே இருந்தது. சர்க்கரை நோயாளிகள் நான் கொடுத்த டயட் சார்ட்டைப் பார்ப்பார்கள், பிறகு என் சட்டையின் நடுப் பொத்தானைப் பார்ப்பார்கள், பிறகு ஒன்றும் சொல்லாமல் சார்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் இவ்வளவு மௌனமான விமர்சனம் வேறு எந்தத் தொழிலுக்கும் கிடையாது.

எலாஜிக் அமிலம் பற்றிச் சொல்லப் போகிறேன். அது என்ன என்று நீங்கள் என்னிடம் கற்க வேண்டியதில்லை. திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டு ஆசிரமத்துப் பக்கம், கையில் உயரமான கண்ணாடி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அந்தப் பெயரை முதலில் படித்ததே அங்கே ஒரு கஃபே வாசலில் சாய்த்து வைத்த கரும்பலகையில்தான். மேலே சாக்பீஸில் ஒரு ஸ்ட்ராபெரி. அதன் கீழே மனித குலத்தின் பாதி வியாதிகள். என் பாடப்புத்தகத்தில் அது அடிக்குறிப்பில்கூட இல்லை. கரும்பலகையில் தலைப்பாகவே இருந்தது. டீ குடிக்கப் போனவன் குடிக்காமல் திரும்பி, வீட்டில் புத்தகங்களைப் புரட்டினேன். அது தொழில் மேல் உள்ள பற்று இல்லை. அவமானம்.

படித்ததில் தேறியது இவ்வளவு. செடிகள் தங்களைக் காத்துக்கொள்ளச் செய்து வைக்கும் சரக்குகளில் அது ஒன்று. ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, மாதுளை, வால்நட் எல்லாவற்றிலும் உண்டு. நம் நெல்லிக்காயிலும் கடுக்காயிலும் உண்டு, ஆனால் அவற்றை யாரும் கரும்பலகையில் வரைவதில்லை. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்களிடம் அது பெரிய வீரம் காட்டுகிறது: வீக்கத்தைத் தணிக்கிறது, செல்கள் கெட்டுப்போவதைத் தடுக்கிறது. மனிதன் விழுங்கினால் அடக்கமாகிவிடுகிறது. நேராக ரத்தத்தில் சேர்வது கொஞ்சம்தான். மீதி பெருங்குடலுக்குப் போய், அங்கே குடியிருக்கும் கிருமிகள் அதை உடைத்து வேறொன்றாக மாற்றினால்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். அந்த வேலை தெரிந்த கிருமிகள் எல்லார் குடலிலும் இல்லை. என்னிடம் இருக்கின்றனவா தெரியாது. இருப்பவை பஜ்ஜியில் பயிற்சி பெற்றவை.

ஆக, நம்பிக்கை தரும் விஷயம், நிரூபணம் பாக்கி. பழமும் பருப்பும் பெரும்பாலோருக்கு நல்லது என்று சொல்ல எலாஜிக் அமிலத்தின் சிபாரிசே தேவையில்லை. "பெரும்பாலோர்" என்ற சொல்லை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நமக்குச் சம்பளம் கொடுப்பது மிச்சம் இருக்கிறவர்களுக்காகத்தான்.

அந்த மிச்சத்தில் ஒருவர் பச்சையம்மாள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்தில் இட்லிக் கடை. சிறுநீரகம் இரண்டும் பாதிக்கு மேல் ஓய்ந்துபோன நிலையில் எங்களிடம் வந்தவர். சிறுநீரகம் ஓய்ந்தால் பொட்டாசியம் உடம்பை விட்டு வெளியேறாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயம் தாளம் தப்பும், நின்றும் போகும். மாதுளை, வால்நட், நெல்லி, இளநீர் எல்லாம் பொட்டாசியம் நிறைந்தவை என்பதால் அவருக்கு விலக்கு. என் வாழ்நாளில் சார்ட்டை அப்படியே கடைப்பிடித்த நோயாளிகள் மிகக் குறைவு. அவர்களில் முதலிடம் இந்த அம்மாவுக்கு. கீரையைத் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்துச் சாப்பிட்டார். "ருசி எப்படிம்மா இருக்கு?" என்று ஒரு தடவை கேட்டேன். "நீங்க ஒரு நாள் துண்ணு பாருங்களேன், டயட் சார்" என்றார்.

ஒரு பௌர்ணமி அன்று காலையில், கிரிவலக் கூட்டம் சேர்வதற்குள், அவரை ஷேர் ஆட்டோவில் கொண்டு வந்தாள் மகள் தேன்மொழி. தாவரவியல் படித்தவள், நான் சொன்ன அதே செங்கம் ரோட்டில் ஒரு கஃபேயை நடத்திப் பார்த்துக்கொள்கிற வேலை. அம்மாவுக்குக் காலில் பலமே இல்லை. எழுந்தால் மடங்கி உட்கார்ந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் பயப்படும்படி இருந்தது, இதயத் துடிப்பின் கோடும் அதையே சொன்னது. டியூட்டியில் இருந்த டாக்டர் என்னைவிட ரொம்பச் சின்ன வயசு. ஊசியும் மருந்தும் போட்டு மதியத்துக்குள் அதை இறக்கினார். அந்த விவரங்கள் உங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. மகள், பௌர்ணமி வியாபாரத்துக்காக, மனசில்லாமல் கஃபேக்குப் போனாள்.

மூன்று மணிக்கு மேல் டாக்டர் என் அறைக்கே வந்துவிட்டார். டாக்டர்கள் நம் அறைக்கு வரமாட்டார்கள். வந்தால் கேன்டீனுக்கு வழி தவறியிருக்கும், அல்லது விஷயம் பெரிசு.

"சார், திரும்ப ஏறுது" என்றார். "மருந்து வேகம் அடங்கினா கொஞ்சம் ஏறும், அது தெரியும். இது ஜாஸ்தி. ஒண்ணு, கிட்னி மொத்தமா நின்னுடுச்சு. இல்ல, உள்ள எதுவோ போவுது. நின்னுடுச்சுன்னா இப்பவே டயாலிசிஸ். ஊருக்குள்ள மெஷின் எதுவும் காலி இல்ல, கேட்டுட்டேன். வேலூர்தான் போவணும்."

இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் பார்த்தோம். எங்கள் ஆஸ்பத்திரி வேங்கிக்கால் பக்கம். வேலூர் ரோடு வாசலிலேயே. ஆனால் பௌர்ணமி அன்று சாயங்காலம் அந்த ரோடு ஊருக்குள் வருவதற்கு மட்டுமே போட்டது மாதிரி இருக்கும். எதிரே பஸ்ஸுக்குப் பின்னால் பஸ், பஸ்ஸுக்கு நடுவில் வேன். ஆம்புலன்ஸ் சங்கு ஊதலாம். ஒதுங்க இடம் வேண்டுமே. வழியில் இதயம் நின்றால் பார்க்க வண்டிக்குள் ஒரு நர்ஸ்.

"உள்ள எதுவோ போவுதுன்னா?" என்றேன்.

"அதை நிறுத்திட்டா நான் இங்கயே வெச்சுப் பாத்துக்குவேன். தப்பா இருந்தா இங்கயே போயிடுவாங்க. அதனால எனக்கு 'இருக்கலாம்' எல்லாம் வேணாம் சார். உண்டா, இல்லையா. அரை மணி நேரம் தர்றேன்."

அவர் போய்விட்டார். நம் தொழிலில் "இருக்கலாம்" என்ற சொல் இல்லாமல் ஒரு வாக்கியம் எழுத முடியாது. எலாஜிக் அமிலம் நல்லது செய்யலாம். ஓட்ஸ் உதவலாம். அரிசியைக் குறைக்கலாம். திடீரென்று ஒருத்தர் வந்து உண்டா இல்லையா என்று கேட்டால், அது ஆற்றில் தள்ளிவிட்டு நீச்சல் தெரியுமா என்று கேட்பது மாதிரி.

வார்டுக்குப் போனேன். நேற்றிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று காலை, மதியம், இரவு என வரிசையாகக் கேட்கும் நம் கேள்விகள் உங்களுக்குத் தெரியும். கேட்டேன். பச்சையம்மாள் சொன்ன பதில்களைப் பரீட்சையில் எழுதினால் முதல் வகுப்பு வாங்கலாம்.

"கஞ்சி. உப்பு கம்மி. கோஸு வேகவெச்சுத் தண்ணி கொட்டினது."

"பழம்?"

"நீங்கதான் வேணான்னீங்களே."

"இளநீ? கிரிவலத்துல யாராவது குடுத்திருப்பாங்க."

"கடைக்கு எதிர்லயே விக்கிறான். மூஞ்சியத் திருப்பிக்குவேன்."

"பருப்பு, கடலை, முந்திரி?"

"இன்னா சார் நீங்க, என்னை நம்ப மாட்டீங்களா?"

நம்பினேன். பொய் சொல்பவர்களுக்கு ஒரு தாராளம் உண்டு. "சத்தியமா" என்று ஆரம்பிப்பார்கள். இவர் ஆரம்பிக்கவில்லை. பக்கத்தில் நின்ற சிஸ்டரும் "கஞ்சி மட்டும்தான் சார், நானே பாத்தேன்" என்றார். டாக்டரிடம் போய் "இல்லை" என்று சொல்வதற்காகத் திரும்பினேன். ஆம்புலன்ஸ் டிரைவர் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

பச்சையம்மாள் சிஸ்டரைக் கேட்டார்: "மணி நாலாச்சாம்மா? நாலு மணி மருந்து குடிக்கணும்."

சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்தார். "நாலு மணிக்கு வாய் வழியா மருந்து எதுவும் இல்லையேம்மா."

"ஆஸ்பத்திரி மருந்து இல்ல. எம் பொண்ணு மருந்து."

தலைமாட்டில் ஒரு ஸ்டீல் ஃபிளாஸ்க் இருந்தது. காலையிலிருந்து நாங்கள் எல்லோரும் பார்த்ததுதான். அதில் வெந்நீர் என்று சிஸ்டர் நினைத்திருக்கிறார், நானும் அப்படித்தான். திறந்தேன். காலி. அடியில் சிவப்பாகக் கொஞ்சம் வண்டல், வால்நட் தோலின் துவர்ப்பு வாசனை.

"இதுல இன்னா இருந்துச்சும்மா?"

"மருந்துதான். மாதுளை, நெல்லிக்கா, அந்த மூளை மாதிரி இருக்குமே ஒரு கொட்டை, அப்புறம் வெளிநாட்டுப் பழம் ஏதோ. எல்லாம் போட்டு அரைச்சுக் குடுப்பா. போன பௌர்ணமிலேர்ந்து குடிக்கிறேன். இன்னைக்கும் காலைல ஒருவாட்டி, கஞ்சிக்கு அப்புறம் ஒருவாட்டி."

"பழம் சாப்பிடலன்னு சொன்னீங்களே."

"பழம் எங்க சாப்பிட்டேன்? மருந்துதான குடிச்சேன்" என்றார், ஒரு குழந்தைக்குச் சொல்வது மாதிரி.

இளம் சகாக்களே, இங்கே நிறுத்தி இதைக் கவனியுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் வாய்க்குள் போவதெல்லாம் சாப்பாடு இல்லை. பசிக்குப் போவது சாப்பாடு. கோவிலில் தருவது பிரசாதம், அதற்குக் கலோரி கிடையாது. கல்யாண வீட்டில் தின்பது மரியாதை. பாசத்தோடு அரைத்துக் கொடுப்பது மருந்து. நாம் "என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்கிறோம், அவர்கள் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறார்கள், நாமும் சரியாகத் தவறு செய்கிறோம். இந்தத் தவறை ஒரு நர்ஸோ டாக்டரோ செய்ய மாட்டார்கள். அவர்களுக்கு வரிசையாகக் கேட்கத் தெரியாது. நமக்குத்தான் அந்தப் பயிற்சி.

என் முகத்தைப் பார்த்துப் பச்சையம்மாளுக்குப் புரிந்துவிட்டது. சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். பச்சையம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்தார். பிடியில் பலம் இல்லை.

"அதாலதானா?"

"அதாலதாம்மா."

"அவகிட்ட சொல்லாதீங்க சார். நானே கடையில இளநீ வாங்கிக் குடிச்சிட்டேன்னு சொல்லிக்கறேன். திட்டுவா, திட்டிட்டுப் போறா. அவளுக்கு இது தெரிஞ்சா தாங்க மாட்டா."

நான் பதில் சொல்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு தேன்மொழி வந்தாள். பாதி தூரம் ஆட்டோ, பாதி தூரம் கூட்டத்துக்குள் நடை. நெற்றியெல்லாம் வியர்வை, கையில் இன்னொரு ஃபிளாஸ்க். "லேட்டாயிடுச்சும்மா. மாட வீதியில நுழையவே முடியல" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினாள்.

"அது இப்ப வேணாம்மா" என்றேன்.

"இல்ல சார், அரைச்ச உடனே குடிச்சாத்தான் பலன். எலாஜிக் ஆசிட் சார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். குடல்ல பாக்டீரியா அதை உடைச்சு யூரோலித்தின்னு ஒண்ணா மாத்தும், அது வீக்கத்தைக் கம்மி பண்ணும். எலிங்ககிட்ட கிட்னியிலயே பாத்திருக்காங்க. ரெண்டு மூணு பேப்பர் படிச்சேன்."

அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. கஷ்டமே அதுதான். தப்பாகச் சொன்னால் திருத்திவிட்டுப் போகலாம். ஒரு எலி கஷ்டப்பட்டுச் சம்பாதித்த நல்ல பெயரை, திருவண்ணாமலையில் ஓர் இட்லிக் கடைக்கார அம்மாவின் கணக்கில் அவள் வரவு வைத்திருந்தாள், அவ்வளவுதான். அந்த எலிகளுக்கு அமிலத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். இங்கே அதனோடு மாதுளை முழுதாக வந்தது, நெல்லி வந்தது, வால்நட் வந்தது, கூடவே பொட்டாசியமும் டிக்கெட் வாங்காமல் ஏறி வந்தது.

டாக்டர் வந்து கட்டில் ஓரம் நின்றார். ஃபிளாஸ்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க சார். உங்க டிபார்ட்மெண்ட்" என்றார். பச்சையம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கௌரவமான பொய்கள் நாலைந்து கைவசம் இருந்தன. "நல்லதுதான், கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம்." "லேபுக்கு அனுப்பிப் பார்க்கலாம்." "அம்மாவுக்கு வயிறு சரியில்லை." இவற்றில் எதைச் சொல்லியிருந்தாலும் எல்லோரும் நல்லவர்களாக இருந்திருக்கலாம். ஆனால் பாசமுள்ள ஒருவருக்கு "கொஞ்ச நாள்" என்றால் ராத்திரி வரை என்று அர்த்தம். அவள் வேறு படித்தவள். மாதுளையை நிறுத்தினால் அதே அமிலத்துக்குக் கடுக்காயைத் தேடிப் பிடிப்பாள்.

"தேன்மொழி, நீ படிச்சது எல்லாம் சரி" என்றேன். "ஆனா உங்கம்மா கிட்னி பொட்டாசியத்தை வெளிய தள்ளாது. இதுல அது நெறைய இருக்கு. காலைல ஏறினதும் இதாலதான். இப்ப ஏறுறதும் இதாலதான்."

அவள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நானா சார்?" என்றாள்.

"இன்னாடி நீயா?" என்று பச்சையம்மாள் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "சார், உங்களுக்கு அறிவு இருக்கா? பச்சப் புள்ளயப் பாத்து இன்னா பேச்சுப் பேசறீங்க? கொலகாரியா அவ?"

"ஆமாம்மா, நீதான்" என்றேன் மகளிடம். இதைச் சொல்ல எங்கிருந்து தைரியம் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொதுவாக நான் ஹோட்டலில் சாம்பார் புளித்தால்கூடச் சொல்லாதவன். "நீயா இருக்கறதுதான் இன்னைக்கு நல்ல சேதி. கிட்னி மொத்தமா நின்னதால ஏறிச்சுன்னா எங்க யார் கையிலயும் ஒண்ணும் இல்ல. இந்தக் கூட்டத்துல உங்கம்மாவ வேலூருக்குத் தூக்கிக்கிட்டு ஓடணும். உன்னாலன்னா, நீ நிறுத்திட்டாப் போதும்."

அவள் மூடியைத் திரும்பப் போட்டாள். இறுக்கித் திருகினாள். பிறகு ஃபிளாஸ்க்கை அம்மாவின் தலைமாட்டில் வைக்காமல், கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற டாக்டர் கையில் கொடுத்தாள். டாக்டர் அதை வாங்கிக்கொண்டு, "உண்டா சார்?" என்று என்னைக் கேட்டார்.

"உண்டு" என்றேன். ஆம்புலன்ஸ் டிரைவர் நிம்மதியாக இரண்டாவது டீ சொன்னார்.

மறுபடி ஊசி, மறுபடி மருந்து. ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை தேன்மொழி சுவரோரம் நின்றாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நானும் வீட்டுக்குப் போகவில்லை. "உண்டு" என்று சொன்னவன் போக முடியாது. ஒருவேளை சிறுநீரகமும் நின்று, ஃபிளாஸ்க்கும் சேர்ந்ததால்தான் ஏறியது என்றால்? அந்தக் காத்திருப்பில் கேன்டீனில் வடை போட்டார்கள், நான் போகவில்லை என்பதை மட்டும் உங்களுக்குப் பதிவு செய்கிறேன்.

அந்தி சாயும்போது முடிவு வந்தது. இறங்கியிருந்தது. டாக்டர் இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். அதுவும் இறங்கியிருந்தது. "வேலூர் வேணாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பிந்தைய வருஷங்களில் பச்சையம்மாள் டயாலிசிஸுக்குப் போக வேண்டித்தான் வந்தது. அந்த நோயின் பாதை அது. ஆனால் நேரம் குறித்து, பகல் வெளிச்சத்தில், காலியான ரோட்டில் போனார்.

தேன்மொழி என்னிடம் வந்தாள். அழுது முடித்த முகம். "சரி சார், இதெல்லாம் வேணாம். அப்ப நான் அம்மாவுக்கு இன்னாதான் குடுக்கறது?"

சட்டைப் பையில் சார்ட் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டே பத்தி: தவிர்க்க வேண்டியவை, அளவோடு சேர்க்க வேண்டியவை. அவள் கேட்டது இரண்டிலும் இல்லை. கோஸ், வேகவைத்து நீர் வடித்தது என்று எழுதியிருந்த இடத்தில் என் விரல் நின்றது. சார்ட்டை மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டேன்.

பச்சையம்மாள் கட்டிலிலிருந்து கூப்பிட்டார். என் மேல் கோபம் தீரவில்லை. என்னைப் பார்க்காமல் மகளிடம்தான் பேசினார். "இங்க வாடி. கால் மரத்துக் கெடக்குது. புடிச்சு வுடு."

அவள் கட்டில் முனையில் உட்கார்ந்து அம்மாவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பிடித்துவிட்டாள். பச்சையம்மாள் கண்ணை மூடியபடி, "டயட் சார் போயிட்டாரா?" என்றார்.

"இங்கதாம்மா இருக்கேன்."

"இவ காலப் புடிச்சு வுட்டா அந்தப் பாழாப்போன பொட்டாசியம் ஏறாதே?"

நண்பர்களே, அரை மணி நேர அவகாசம் கேட்காமல், "லாம்" விகுதி சேர்க்காமல், நான் என் பணிக்காலத்தில் சொன்ன பதில் ஒன்றே ஒன்று.

"ஏறாது" என்றேன்.